மசில் பிரேக்கின் மேல் பிளாஸ்ட் ஷீல்டு: உதை குறையுமா, குறையாதா?

ரைபிளின் குழல் முனையில் மசில் பிரேக் மாட்டுவது, சுடும்போது துப்பாக்கி பின்னால் வந்து தோளில் இடிக்கும் உதையைக் குறைக்கத்தான். குழலிலிருந்து சீறிவரும் வாயுவை அது முன்னே போகவிடாமல் பக்கவாட்டில் திருப்பிவிடும். சுடுபவரின் தோளுக்கு அது நிம்மதி, பக்கத்தில் நிற்பவருக்கோ தொல்லை. அவருடைய காதிலும் முகத்திலும்தான் அந்த வாயு அறைகிறது. இதைத் தடுக்க பிரேக்கைச் சுற்றி ஓர் உலோகக் குழாயை மாட்டுகிறார்கள். பின்பக்கம் மூடி, முன்பக்கம் திறந்திருக்கும். பக்கவாட்டில் வந்த வாயு அதன் சுவரில் பட்டு முன்னால் போய்விடும். இதுதான் பிளாஸ்ட் ஷீல்டு.

இங்கே எல்லோருக்கும் ஒரு சந்தேகம் வரும். வாயு முன்னால் போகக்கூடாது என்றுதானே பிரேக் மாட்டினோம்? அதை மறுபடி முன்னாலேயே அனுப்பினால் பிரேக் எதற்கு?

சந்தேகம் நியாயமானதுதான். பெரும்பகுதி பலன் போய்விடுகிறது, கொஞ்சம் மிஞ்சுகிறது. எவ்வளவு போகிறது, ஏன் கொஞ்சம் மிஞ்சுகிறது என்று புரிய முதலில் உதை எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

உதையில் வாயுவின் பங்கு

குண்டு முன்னே போகிறது, அதனால் துப்பாக்கி பின்னே வருகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பலரும் மறந்துவிடுவது, முன்னே போவது குண்டு மட்டும் அல்ல என்பதை. எரிந்த வெடிமருந்து முழுவதும் வாயுவாகிக் குண்டின் பின்னாலேயே வெளியேறுகிறது. வாயுவானாலும் அதன் எடை எங்கும் போய்விடவில்லை.

வேட்டைக்கும் போட்டிக்கும் அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் 308 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். குண்டு சுமார் 11 கிராம், அதன் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 800 மீட்டர். எடையையும் வேகத்தையும் பெருக்கினால் உந்தம் 8.8 வரும் (கிலோகிராம் மீட்டர்/நொடி என்பது அலகு, இனி எண்ணை மட்டும் சொல்கிறேன்). வெடிமருந்து சுமார் 2.8 கிராம். எடை குறைவு, ஆனால் வேகம் அதிகம். அடைத்துக்கொண்டிருந்த குண்டு வழிவிட்டதும் பின்னாலிருக்கும் வாயு அதையும் முந்திக்கொண்டு பாயும். தோராயக் கணக்குக்கு நொடிக்கு 1400 மீட்டர் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் வாயுவின் உந்தம் 3.9. இரண்டும் சேர்ந்து 12.7.

ஆக, உதையில் கிட்டத்தட்ட 30 சதவீதம் வாயுவின் கைவரிசை. குண்டின் பங்கான 8.8-ஐ யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. குண்டு முன்னே போய்த்தான் ஆகவேண்டும். பிரேக் கைவைக்க முடிந்தது அந்த 3.9-இல் மட்டுமே. வெடிமருந்து அதிகமாக இருக்கும் பெரிய தோட்டாக்களில் இந்தப் பங்கு இன்னும் கூடும். அரை அங்குல விட்டமுள்ள 50 காலிபர் தோட்டாவில் குண்டு 43 கிராம், வெடிமருந்து சுமார் 15 கிராம். அதே மாதிரி கணக்குப் போட்டால் வாயுவின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டும். அதனால்தான் அந்த அளவுத் துப்பாக்கிகளைப் பிரேக் இல்லாமல் பார்ப்பது அரிது. பாரெட் எம்82-இன் முனையில் அம்புத்தலை போல இருப்பது பிரேக்தான். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் உருவான வித்வன்சக் ரைபிளிலும் பிரேக் உண்டு.

பிரேக் என்ன செய்கிறது?

பிரேக்கின் உள்ளே குண்டு போவதற்கு நடுவில் ஒரு துளையும், பக்கவாட்டில் திறப்புகளும், ஒவ்வொரு திறப்பின் முன்பக்கத்திலும் ஒரு தடுப்புச் சுவரும் இருக்கும். குண்டு துளைவழியே போய்விடும். பின்னால் வரும் வாயு விரிந்து அந்தச் சுவரில் மோதித் திரும்பிப் பக்கவாட்டில் வெளியேறும். மோதும்போது சுவரை முன்னோக்கித் தள்ளுகிறது. சுவர் பிரேக்கோடும் பிரேக் குழலோடும் இணைந்திருப்பதால், பின்னால் வந்துகொண்டிருக்கும் துப்பாக்கியை அந்தத் தள்ளு முன்னால் பிடித்து இழுக்கிறது. திறப்புகளைக் கொஞ்சம் பின்னோக்கிச் சாய்த்து வெட்டினால் இழுப்பு இன்னும் கூடும். தரையிறங்கிய விமானம் எஞ்சினின் காற்றை முன்பக்கமாகத் திருப்பி வேகத்தைக் குறைக்கிறதே, அதற்கும் இதுவே அடிப்படை.

நம் 308-ஐ 4 கிலோ துப்பாக்கியில் போட்டுச் சுட்டால், பிரேக் இல்லாமல் அது நொடிக்கு 3.2 மீட்டர் வேகத்தில் பின்னே வரும், ஆற்றல் 20 ஜூல். வாயு முழுவதும் சரியாகப் பக்கவாட்டில் போய்விட்டது என்று வைத்துக்கொண்டால் வேகம் 2.2 மீட்டர், ஆற்றல் 10 ஜூலுக்கும் சற்றுக் குறைவு. கவனியுங்கள், உந்தம் குறைந்தது 30 சதவீதம்தான், ஆற்றல் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் இப்படி. விளம்பரத்தில் "உதை 50 சதவீதம் குறையும்" என்று படித்தால், எதை அளந்து சொல்கிறார்கள் என்று ஒருமுறை யோசியுங்கள். பெரும்பாலும் ஆற்றலைத்தான் சொல்வார்கள், அந்த எண்தான் பெரிதாகத் தெரியும்.

நடைமுறையில் கொஞ்சம் வாயு நடுத்துளை வழியாகக் குண்டோடு சேர்ந்து தப்பிவிடும். அதைப் பின்னோக்கிச் சாய்ந்த திறப்புகள் ஓரளவு ஈடுகட்டும்.

விலையைக் காது கொடுக்கிறது. பிரேக் இல்லாமலேயே 308 ரைபிளின் வெடிச்சத்தம் 160 டெசிபல் அளவுக்கு வரும். 140 டெசிபலைத் தாண்டிய வெடிச்சத்தம் காதுக்கு ஆபத்து என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. பிரேக் மாட்டினால் சுடுபவரின் காதருகே இன்னும் சில டெசிபல் ஏறும். டெசிபல் கணக்கில் 6 கூடினாலே அழுத்தம் இரட்டிப்பு என்பதை மறக்கக்கூடாது. 1974-இல் வந்த ஏகே-74 துப்பாக்கியின் பெரிய பிரேக்கைப் பற்றி இரண்டு விஷயம் எப்போதும் சொல்வார்கள். உதை வியக்கத்தக்க அளவு குறைவு, பக்கத்தில் படுத்திருப்பவன் பாடு திண்டாட்டம். இது காதோடும் நிற்பதில்லை. 50 காலிபர் போன்ற ஆயுதங்களின் அழுத்த அலை மூளையைப் பாதிக்கிறதா என்ற கவலையில், அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2024-இல் சதுர அங்குலத்துக்கு 4 பவுண்டு என்ற எல்லையை வைத்துப் படைவீரர்கள் வெடி அழுத்தத்துக்கு ஆளாவதைக் கட்டுப்படுத்தச் சொன்னது.

ஆகவே ஷீல்டு மாட்ட நினைப்பவரின் காரணம் சரியானதுதான். இயற்பியல் அதற்கு எவ்வளவு இடம் தருகிறது என்பதே விஷயம்.

ஷீல்டு மாட்டிய பிறகு

கையில் ஹோஸ் பைப் பிடித்துத் தண்ணீர் பாய்ச்சுகிறீர்கள். தண்ணீர் முன்னே பாயும்போது பைப் உங்கள் கையைப் பின்னால் தள்ளும். இப்போது பைப்பின் வாய்க்கு எதிரே ஒரு தட்டு வைத்து, அதைக் கம்பியால் பைப்போடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். தண்ணீர் தட்டில் மோதிப் பக்கவாட்டில் சிதறும். தட்டு முன்னால் இழுக்கும், பைப் பின்னால் தள்ளும், இரண்டும் சரியாகப் போய்விடும். பிரேக்கின் வேலை இதுதான். அடுத்து ஒரு வாளியை எடுத்து, அடியில் பைப் நுழைய ஓட்டை போட்டு, வாய் முன்பக்கம் பார்க்கும்படி தட்டைச் சுற்றி மாட்டி, அதையும் பைப்போடு கட்டுங்கள். சிதறிய தண்ணீர் வாளியின் சுவரில் பட்டு, பின்னால் போக வழியில்லாமல் அடிப்பக்கத்தை அழுத்தி, கடைசியில் முன்வழியாகக் கொட்டும். அடிப்பக்கத்தில் விழும் அழுத்தம் வாளியைப் பின்னால் தள்ளும். தட்டு கொடுத்ததை வாளி பிடுங்கிக்கொள்கிறது.

இதையே இன்னும் சுருக்கமாகப் பார்க்க ஒரு வழி உண்டு. துப்பாக்கி, பிரேக், ஷீல்டு மூன்றையும் சேர்த்து ஒரு கற்பனைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். பெட்டிக்குள் வாயு எத்தனை முறை மோதியது, எங்கெல்லாம் திரும்பியது என்பதையெல்லாம் துருவ வேண்டாம். பெட்டியைத் தாண்டி வெளியே போகும்போது எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று மட்டும் பாருங்கள். உதைக் கணக்கு அங்கே முடிந்துவிடும். வாயு பக்கவாட்டில் வெளியேறினால் அதன் பங்கு பூஜ்யம். பின்னோக்கி வெளியேறினால் நமக்கு லாபம். முன்னோக்கி, பழைய வேகத்திலேயே வெளியேறினால், உள்ளே எவ்வளவு விலையுயர்ந்த பிரேக் இருந்தாலும் பிரேக்கே இல்லாத மாதிரிதான்.

"பழைய வேகத்திலேயே" என்ற சொல்லில்தான் மிச்சம் இருக்கிறது.

பிரேக்கின் சுவரில் மோதி, பக்கவாட்டில் திரும்பி, ஷீல்டின் சுவரில் மீண்டும் மோதித் திரும்பும் வாயு பழைய வேகத்தில் வெளியே வராது. மோதல்களில் அதிர்ச்சி அலைகளும் சுழிப்புகளும் உண்டாகி, பாய்ச்சலின் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக மாறும். வாயு வெளியேற எடுத்துக்கொள்ளும் நேரமும் கூடும். மெதுவாக வெளியேறும் வாயு எடுத்துப்போகும் உந்தமும் குறைவுதான். இதற்கு நல்ல சாட்சி சப்ரசர், அதாவது சைலன்சர். அதுவும் வாயுவை முன்பக்கமாகத்தான் விடுகிறது. பக்கவாட்டுத் திறப்பே கிடையாது. ஆனாலும் சப்ரசர் மாட்டிய ரைபிளில் உதை கணிசமாகக் குறைவதை அதைச் சுட்ட எவரும் உணர்வார். வாயுவை அறை அறையாகத் தடுத்து, களைக்க வைத்து அனுப்புவதுதான் காரணம். அதன் எடையும் கூட உதவுகிறது.

பிளாஸ்ட் ஷீல்டை ஒரே ஒரு அறை கொண்ட, வாய் திறந்த, அரைகுறை சப்ரசர் என்று சொல்லலாம். ஒரு பேச்சுக்கு, அது வாயுவின் வேகத்தைப் பாதியாகக் குறைக்கிறது என்று வைத்துப் பார்ப்போம். இது அளந்த எண் அல்ல, கணக்கு எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க மட்டும். வாயுவின் உந்தம் 3.9-லிருந்து 2-க்கு இறங்கும், மொத்தம் 10.8, ஆற்றல் சுமார் 14.5 ஜூல். எதுவும் மாட்டாதபோது 20, வெறும் பிரேக்கோடு 10, ஷீல்டோடு நடுவில் எங்கோ. உண்மையான ஷீல்டு எங்கே நிற்கும் என்பது அதன் நீளம், அகலம், பிரேக்குக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி எல்லாவற்றையும் பொறுத்தது. உள்ளே தாராளமான இடம் இருந்தால் வாயு விரிந்து தளர வாய்ப்பு அதிகம். பிரேக்கை ஒட்டி இறுக்கமாக இருந்தால் வாயு ஒரே பாய்ச்சலில் முன்னே போய்விடும்.

வடிவம் சொதப்பினால் நிலைமை இன்னும் மோசமாகும். முன்னே போகப்போக அகலும் கூம்பு வடிவத்தை வைத்தால் அது ராக்கெட்டின் வால் முனை மாதிரி வேலை செய்து வாயுவை இன்னும் வேகமாக முன்னே தள்ளும். உதை கூடும். இதையே வேண்டுமென்று செய்த துப்பாக்கிகளும் உண்டு. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்கள் வைத்திருந்த எம்ஜி 42 இயந்திரத் துப்பாக்கி, குழல் பின்னோக்கி நகர்வதால் இயங்குவது. அந்த நகர்வுக்குக் கூடுதல் பலம் கொடுக்க முனையில் ஓர் உறையை மாட்டி, வாயுவை அதற்குள் சிக்கவைத்துக் குழலைப் பின்னால் தள்ளச் செய்தார்கள். பிரிட்டிஷ் விக்கர்ஸ் துப்பாக்கியிலும் இப்படி ஓர் ஏற்பாடு இருந்தது. முனையில் ஓர் உலோக உறை இருந்தாலே உதை குறையும் என்று நம்புபவர்களுக்கு இந்த இரண்டு துப்பாக்கிகளும் போதும்.

முனை எழும்புவது

உதையோடு இன்னொரு தொல்லையும் உண்டு. சுட்டதும் குழலின் முனை மேலே எழும்பும். அதை அடக்கக் காம்பென்சேட்டர் வைப்பார்கள். மேற்புறம் திறப்பு, வாயு மேலே பீய்ச்சும், முனை கீழே அழுந்தும். இதன் மேல் ஷீல்டு மாட்டினால் கதை சுத்தமாக முடிந்தது. மேலே பீய்ச்சும் வாயு ஷீல்டின் கூரையில் மோதி அதை மேலே தள்ளும். ஷீல்டு துப்பாக்கியோடு சேர்ந்ததுதானே? கீழே அழுந்தியதும் மேலே தள்ளியதும் சமமாகிவிடும். உதை விஷயத்தில் கொஞ்சமாவது மிஞ்சுகிறது, இங்கே அதுவும் இல்லை. முனையில் கால் கிலோ எடை கூடியிருப்பதால் எழும்பல் ஓரளவு மந்தமாகும், அவ்வளவுதான். அதற்கு ஒரு இரும்பு வளையமே போதுமே.

யாரோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது?

இதுவரை சொன்ன நஷ்டம் முழுவதற்கும் ஒரே காரணம், ஷீல்டு துப்பாக்கியோடு இணைந்திருப்பது. அதே தடுப்பைத் தரையில் நட்டால்? வாயு பிரேக்கிலிருந்து பக்கவாட்டில் கிளம்பிவிட்டது, துப்பாக்கியின் கணக்கு அங்கேயே முடிந்தது. அதற்கப்புறம் அது மோதும் அடியைத் தரை வாங்கிக்கொள்ளும். சுடும் களங்களில் ஒரு மேசைக்கும் அடுத்த மேசைக்கும் நடுவே தடுப்புப் பலகை வைப்பார்களே, அதனால் பிரேக்கின் பலன் துளியும் குறையாது. பக்கத்துக்காரரும் தப்பிப்பார். முடிந்த இடத்தில் இதைவிடச் சிறந்த தீர்வு இல்லை என்பது என் எண்ணம். தோளில் மாட்டிக்கொண்டு அலையும் துப்பாக்கிக்குத்தான் இந்த வழி இல்லை.

பீரங்கிக்காரர்களும் இதே சிக்கலை வேறு வழியில் சந்தித்தவர்கள். எம்777 போன்ற எடை குறைந்த ஹோவிட்சரில் பிரேக் அவசியம். மொத்த எடையே 4 டன் சொச்சம் என்பதால் முழு உதையையும் தாங்காது. ஆனால் லெப்பர்டு 2 டாங்கியின் 120 மி.மீ குழலைப் பாருங்கள், முனையில் பிரேக் கிடையாது. 50 டன்னுக்கு மேற்பட்ட வண்டி உதையைத் தானே வாங்கிக்கொள்ளும். பிரேக் வைத்தால் பக்கவாட்டு வாயு புழுதியைக் கிளப்பி இலக்கை மறைக்கும். டாங்கிகள் சுடும் அம்பு போன்ற மெல்லிய குண்டைக் குழலுக்குள் பொருத்தச் சுற்றியிருக்கும் உறைத் துண்டுகளும் முனையிலேயே பிரிய ஆரம்பிப்பதால் பிரேக்கில் இடிக்கலாம். இரண்டாம் உலகப்போரின் டைகர், பாந்தர் டாங்கிகளில் பிரேக் இருந்தது. தேவையும் தொல்லையும் மாறியபோது கைவிட்டார்கள்.

அப்படியானால் யார் வாங்குகிறார்கள்?

முக்கியமாக, குட்டைக் குழல் ரைபிள் வைத்திருப்பவர்கள். குழல் குட்டையானால் குண்டு வெளியேறும் நேரத்தில் வாயுவின் அழுத்தம் இன்னும் அதிகமாக இருக்கும். கூரை போட்ட சுடுதளத்தில் அதைப் பிரேக்கோடு சுட்டால் அக்கம்பக்கத்தில் நண்பர்கள் மிஞ்சமாட்டார்கள். சப்ரசர்தான் சரியான மாற்று. ஆனால் அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைப் பதிவு செய்ய வேண்டும். நீண்ட காலம் 200 டாலர் வரியும் இருந்தது, 2026 தொடக்கத்திலிருந்து அந்த வரி மட்டும் நீங்கிவிட்டது. கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் பொதுமக்கள் சப்ரசர் வைத்திருக்கவே முடியாது. பிளாஸ்ட் ஷீல்டு சத்தத்தைக் குறைப்பதற்காகச் செய்ததல்ல, திருப்பிவிடுவது மட்டுமே அதன் வேலை. அதனால் இந்த வம்பு இல்லாமல் கடையில் வாங்கிவிடலாம்.

ஷீல்டு மாட்டினால் சுடுபவரும் பக்கத்தில் இருப்பவரும் முகத்தில் அறையும் காற்று குறைந்ததை உடனே உணர்வார்கள். சுடும் திசையில் நிற்பவருக்குச் சத்தம் கூடுதலாகவே கேட்கும். சத்தம் எங்கும் மறைந்துவிடவில்லை. காதடைப்பைக் கழற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுடுபவரின் காதருகே அது இன்னும் 140 டெசிபலுக்கு மேல்தான்.

என்னைக் கேட்டால், ஷீல்டை எப்போதும் மாட்டியே வைக்கப்போகிறீர்கள் என்றால் உள்ளே பிரேக்குக்குக் காசு செலவழிக்க வேண்டாம். லீனியர் காம்பென்சேட்டர் என்று விற்கும் எளிய முனைக்கருவி, பக்கவாட்டுத் திறப்பே இல்லாமல் வாயுவை முன்னே விடும். அதே வேலை, எடையும் குறைவு, விலையும் குறைவு. கழற்றி மாட்டும் வசதி இருந்தால் மட்டுமே பிரேக்கும் ஷீல்டும் சேர்ந்த ஜோடிக்கு அர்த்தம் உண்டு. திறந்தவெளியில் தனியாகச் சுடும்போது ஷீல்டைக் கழற்றிவிட்டுப் பிரேக்கின் முழுப் பலனையும் எடுத்துக்கொள்ளலாம். ஆள் இருக்கும் இடத்திலும் கூரைக்குக் கீழேயும் மாட்டிக்கொண்டு, உதை கொஞ்சம் கூடுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஷூர்ஃபயர் வார்டன் போன்ற ஷீல்டுகள் இப்படி நொடியில் மாட்டிக் கழற்றவே செய்யப்பட்டவை. சப்ரசரைப் பிரேக்கின் மேல் மாட்டுபவர்களின் கணக்கும் வேறு. அப்போது பிரேக் உதையைக் குறைக்க அங்கே இல்லை. வாயுவின் முதல் அடியைத் தான் வாங்கி, சப்ரசரின் முதல் தடுப்பு தேயாமல் காக்கவே அது இருக்கிறது.

வாங்குபவர்கள் இரண்டு விஷயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஷீல்டு குழலின் அச்சுக்கு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாய்ந்திருந்தால் குண்டு அதன் விளிம்பில் உரசும். அப்புறம், நிறையச் சுட்ட பிறகு பிரேக்குக்கும் ஷீல்டுக்கும் நடுவே கரி படிந்து இறுகி, கையால் திருகினால் வராத அளவுக்குப் பிடித்துக்கொள்ளும். சூடு ஆறியதும் கழற்றித் துடைத்துவிட்டால் அந்தப் பாடு இல்லை.